இரண்டு இழுப்பு

மழை பெய்தால் ஊருக்கெல்லாம் உடம்பு குளிரும். சலவைக் கடைக்கு மட்டும் வயிறு எரியும். காயப் போட்டது காயாது, வாங்க வந்தவர்கள் வாய் ஓயாது. அப்படி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில்தான் அந்த அம்மாள் முதன்முதலாகக் கடைப் படியேறி வந்தார். கையில் ஒரு கறுப்புக் குடை. அதில் ஒரு கம்பி ஒடிந்து, சிறகு முறிந்த காக்கை மாதிரி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. குடை பிடித்தும் பாதி உடம்பு நனைந்திருந்தது.

"துணி போடவா, வாங்கவா?" என்றாள் பட்டன் அக்கா, தலை நிமிராமல், ஊசியில் நூல் கோத்தபடி.

"ரெண்டும் இல்லம்மா. குழந்தைகள் நல ஆபீஸ்ல இருந்து வர்றேன். சமூகப் பணியாளர். உங்க வீட்டுக் குழந்தையப் பத்திப் புகார் வந்திருக்கு. உள்ள வரலாமா?"

ஊசி நூலுக்குப் பதில் விரலில் ஏறிவிட்டது. பட்டன் அக்கா விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு எழுந்தாள்.

பட்டன் அக்கா என்பது தெரு வைத்த பேர். பட்டன் இல்லாமல் வந்த சட்டை அந்தக் கடையிலிருந்து பட்டன் இல்லாமல் போனதில்லை. போன இடத்தில் வாழ்க்கை ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள், இந்தக் கடையின் முன்கட்டில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள்தான். துணி வாங்கி வைப்பது, பைகளைத் துழாவுவது, கிழிசல் தைப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள் பாடு. அண்ணன் பின்கட்டில் துவைக்கிறவர். அவருக்குப் பேர் 'சோப்பு'. வாயைத் திறந்தால் நுரை போய்விடும் என்பது போல் பேசாமலே இருப்பார். நடுக்கட்டில் அண்ணி. இஸ்திரி அவளுடையது. அவள் தேய்த்த காலரைப் பார்த்தால் போட்டுக்கொள்ள மனம் வராது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று இருக்கும். அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் இல்லை.

குடைக்காரம்மா நடுக்கட்டுக்குள் நுழைந்தபோது நீராவி புஸ்ஸென்று எழுந்து அவர் கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு பார்த்தார். சுவரோரம், சூடு எட்டாத மூலையில், பெரிய சலவைக் கூடை. உள்ளே மெத்தென்று துண்டுகள். துண்டுகளுக்கு நடுவில் தவழ ஆரம்பித்திருந்த ஒரு பெண் குழந்தை. அதன் கணுக்காலில் துணி நாடா ஒன்று தளர்வாகக் கட்டியிருந்தது. நாடாவின் அடுத்த முனை அம்மாக்காரியின் இடது மணிக்கட்டில்.

"புகார்ல சொன்ன கயிறு இதுதானா?" என்றார் குடைக்காரம்மா. குரலில் கோபம் இல்லை.

"ஐயோ மேடம், கயிறில்ல, நாடா. குட்டி அசைஞ்சா அண்ணி கைல இழுபடும். அழுதா உதைக்கும் இல்லையா, அதுல திரும்பிப் பார்ப்பா. அவளுக்குக் காது அந்த நாடாதான்."

சொன்னதை மெய்ப்பிப்பது போலக் குட்டி ஓர் உதை விட்டது. அண்ணி சட்டென்று திரும்பினாள். புது ஆளைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

புகார் இதுதான். குழந்தையைக் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அது அலறி அழுதபோது பெற்றவள் கல்லு மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகார் கொடுத்தது மேல்தெருப் பெரிய வீட்டம்மா. வண்டி நிறையத் திரைச்சீலைகளைச் சலவைக்கு அனுப்புகிற வீடு, கடைக்குப் புதிது. வரும் வெள்ளிக்கிழமை ஆபீஸில் கூட்டம் வைத்து, குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா, காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். குடைக்காரம்மா இதை எதையும் மறைக்காமல், மெதுவாகச் சொன்னார்.

காப்பகம் என்ற சொல் காதில் விழுந்ததும் பட்டன் அக்கா குட்டியின் கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அவங்ககிட்டயே கேளுங்களேன்" என்றார் குடைக்காரம்மா.

பட்டன் அக்கா கையை ஆட்டிக் கேட்டாள். வீட்டுக்குள் அவர்களுக்கென்று சில சைகைகள் உண்டு; சாப்பாடு, துணி, தண்ணீர், வா, போ, குட்டி. அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணி பதில் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு கையும் எழுந்தன. நாடாவைத் தொட்டாள், இரண்டு தடவை இழுத்துக் காட்டினாள், வாசலைக் காட்டினாள், நாத்தனாரைக் காட்டினாள், தோளில் குழந்தையைச் சாய்ப்பது போல் காட்டினாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பட்டன் அக்காவுக்கு முக்கால்வாசி புரிந்தது. புரிந்ததால்தான் பயந்தாள். பெரிய வீட்டுக்காரி மேல் போய்க் குற்றம் சொன்னால் இருப்பதும் போய்விடாதா?

"தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க, இனிமே நடக்காதுன்னு சொல்றா மேடம்" என்றாள்.

குடைக்காரம்மா எழுதிக்கொண்டார். கிளம்பினார். படியிறங்கியவர் பாதியில் நின்றார். திரும்பி மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா, அவங்க கை அவ்வளவு நேரம் பேசிச்சு. நீங்க ஒரு மூச்சுல முடிச்சுட்டீங்களே. மிச்சம் எங்க?"

"மிச்சமெல்லாம் அழுகை மேடம்."

"அழுகைய என் கண்ணாலயே பார்த்தேன். நான் கேக்கறது பேச்ச."

பட்டன் அக்கா கூடைத் துண்டுகளைச் சரிசெய்யக் குனிந்தாள். குடைக்காரம்மா குட்டியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியில் மூவரும் உட்கார்ந்தார்கள், குட்டி சோப்பின் மடியில். ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். ஜன்னல் கம்பியெல்லாம் காயாத துணி. வீடே யாரோ இருமிவிட்டுப் போன அறை மாதிரி ஈர வாடை அடித்தது.

"அண்ணே, நீ அண்ணிகிட்ட எடுத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை கையக் கூப்பித் தலையக் குனிஞ்சு நின்னாப் போதும். மிச்சத்த நான் பேசிக்கறேன். அவங்க கால்ல விழுந்தாவது குட்டியக் கொண்டுவந்து சேத்துடறேன்."

சோப்பு உருளைக்கிழங்கை உப்பில் தொட்டார். "தப்பு அவ செய்யலையே" என்றார்.

"செய்யலதான். அத யாரு கேக்கப் போறா? நமக்கு நாலு பேரத் தெரியுமா, நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்களா? குனிஞ்சவன் தலைக்கு மேல காத்துப் போயிரும்ணே."

அவள் அண்ணி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பிக் காட்டினாள். தலையைக் குனிந்து காட்டினாள். இப்படி, இப்படி என்றாள். அண்ணி பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கீழே போனாள். சற்று நேரத்தில் கீழிருந்து இஸ்திரி மேசை தடதடவென்று அதிர்கிற சத்தம் கேட்டது.

"விரிப்பு கிழிஞ்சிரப் போகுது" என்றாள் பட்டன் அக்கா.

"கிழியட்டும்" என்றார் சோப்பு. அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் குடைக்காரம்மா மறுபடியும் வந்தார். மழை விட்டபாடில்லை, செருப்பு சளக் சளக் என்றது. அவருடைய மேல்கோட்டில் ஒரு பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பட்டன் அக்காவின் கண் அதை விட்டு அகலவில்லை.

"கூட்டத்தத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன். கைமொழி தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் வரணும். உங்க அண்ணி சின்ன வயசுல காது கேக்காதவங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்களாமே? விசாரிச்சேன். அவங்களுக்கு ஒரு முழு மொழியே தெரியும். நாமதான் அவங்ககிட்ட அரைகுறையாப் பேசிட்டிருக்கோம்."

பட்டன் அக்காவுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா அவளுக்கு நான்தான் வாய். கடைக்குப் போனா நான், ஆஸ்பத்திரிக்குப் போனா நான், பிரசவ அறை வாசல்ல நின்னதும் நான். இன்னிக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்து எங்க வீட்டுக் கதையப் பேசணுமா? தள்ளிப் போடாதீங்க மேடம். மன்னிப்புக் கேட்டா விட்டுருவாங்க இல்ல?"

"விடலாம். ஆனா தப்பு செஞ்சவங்கங்கற பேரோட விடுவாங்க. நாளைக்குக் குழந்தை முட்டிக்கால்ல ஒரு சிராய்ப்புன்னாலும் அந்தப் பேரு முன்னால வந்து நிக்கும்."

"ஏழை சொல்லு அம்பலம் ஏறாது மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"ஏணி இல்லாம எப்படிம்மா ஏறும்? ஏணி போடத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. பாவம் பார்க்க மட்டும்னா அதுக்கு ஒரு ஆபீஸ் எதுக்கு, தெருவுல போறவங்களே போதுமே!"

பட்டன் அக்காவுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அந்த இரண்டையும் அடக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரியும்.

"மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டிக் குடுங்க. அந்தப் பட்டன் ஆடறதப் பார்த்தா எனக்கு உயிர் போகுது."

"ஐயையோ, உங்ககிட்ட நான் எதுவும் வாங்கக் கூடாதும்மா. விதி இருக்கு."

"நான் குடுக்கலையே. உங்க பட்டன, உங்க கோட்டுல, உங்க நூல்லயே இறுக்கறேன். என்ன விதி தடுக்குது?"

தைத்துக்கொண்டிருந்தபோது, முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியில்லாத அந்த நேரத்தில், பட்டன் அக்கா மெல்லக் கேட்டாள்: "அன்னிக்கு அண்ணி சொன்னத நான் முழுசாச் சொல்லல. அதனால உங்களுக்கு என் மேல கோபமா?"

"உங்க மேல என்ன கோபம்? நீங்க பயந்தீங்க. நான் பயப்படாமலே பாதியக் கேட்டுட்டுப் போய் 'தாய் தப்ப ஒத்துக்கிட்டார்'னு எழுதிட்டேன். மறுநாள் மேலதிகாரிகிட்டப் போய், நான் எழுதினது தப்பு, அடிச்சிருங்கன்னு நின்னேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துட்டுப் போகட்டும்."

பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது பட்டன் அக்காவின் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது. ஆபீஸ்காரர் ஒருவர் தன் வாயால் 'நான் எழுதினது தப்பு' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

கூட்டம் நடந்த அறையில் நீள மேசை, சுவரில் ஒரு கடிகாரம், எல்லாருக்கும் நாற்காலி. அண்ணிக்கும் இருந்தது. தலைமை அதிகாரிக்கு ஜலதோஷம்; நொடிக்கொரு தரம் கைக்குட்டையை எடுத்தார். மேசையின் ஓரத்தில் திரைச்சீலை வீட்டம்மா, நேராக நிமிர்ந்து. கைமொழி வாத்தியார் தொப்பையும் வியர்வையுமாக வந்து அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சின்ன விரல்கள். ஏதோ கேட்டார்.

அண்ணி இரண்டு கையையும் மேசைக்கு மேலே தூக்கினாள். அப்புறம் மடை திறந்தது. அவள் விரல்கள் இப்படிப் பறக்கும் என்று பட்டன் அக்காவுக்குத் தெரியாது. புருவம் பேசியது, தோள் பேசியது. திடீரென்று வாத்தியார் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்றாள் பட்டன் அக்கா.

"இங்க எல்லாரும் பெரிசு பெரிசாப் பேசறாங்களே, பயமா இல்லையான்னு கேட்டேன். 'எங்க நாத்தனார் வாயே பழகிப்போச்சு, இவங்கெல்லாம் எம்மாத்திரம்? காது கேக்காதது அந்த ஒரு விஷயத்துல எனக்குச் சௌகரியம்'னு சொல்றாங்க."

சோப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. பட்டன் அக்காவுக்குக் காது மடல் சுட்டது. இவள் கேலி பேசுவாளா? இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அது தெரியாமல் போனதே!

பிறகு நடந்ததைக் கேட்டார்கள். அண்ணி சொல்லச் சொல்ல வாத்தியார் தன் குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம். என் நாத்தனார் குழந்தையத் தூக்கறதுக்கு முன்னால நாடாவ ரெண்டு தடவ இழுப்பா. 'நான் எடுத்துக்கிட்டேன், நீ உன் வேலையப் பாரு'ன்னு அர்த்தம். அப்புறம்தான் முடிச்ச அவிழ்ப்பா. அன்னிக்கும் ரெண்டு இழுப்பு வந்துச்சு. நாடா தொய்ஞ்சுபோச்சு. நாத்தனார் எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். ஹோட்டல் விரிப்பு பாதித் தேய்ப்புல இருந்துச்சு, சூட்டோட விட்டா கருகிரும். அதனால உடனே திரும்பல. எனக்குப் பின்னால வேற ஆளு நின்னது எனக்குத் தெரியாது. நாத்தனார் நூல் வாங்கப் போயிருந்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

தலைமை அதிகாரி கைக்குட்டையை மடித்தார். "அப்ப நாடாவ அவிழ்த்தது யாரு?"

பட்டன் அக்கா திரைச்சீலை வீட்டம்மா பக்கம் பார்த்தாள். சொல்லலாமா, கூடாதா? அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்" என்றார் திரைச்சீலை வீட்டம்மா. "முன்னால யாரும் இல்ல, கூப்பிட்டுக்கிட்டே உள்ள போனேன். பச்சப்புள்ள கால்ல கட்டு. மனசு தாங்கல. முடிச்சு இறுக்கமா இருந்துச்சு, இழுத்து இழுத்து அவிழ்த்தேன். குழந்த என் மொகத்தப் பார்த்து வீல்னு அழுதுச்சு. ஏம்மா, ஏம்மான்னு கத்தறேன், அவங்க ரொம்ப நேரம் திரும்பவே இல்ல. காது கேக்காதுன்னு எனக்கு யாரும் சொல்லல. நான் அவிழ்த்ததுதான் அவங்க காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களையும் யாரும் கேக்கலையே" என்றார் குடைக்காரம்மா மெதுவாக.

தலைமை அதிகாரி நிமிர்ந்தார். "சரி. இதுல விசாரிக்க ஒண்ணும் இல்ல. குழந்தை அம்மாகிட்டயே இருக்கட்டும். முடிஞ்சுது."

பட்டன் அக்கா எழுந்தேவிட்டாள். குடைக்காரம்மா எழவில்லை.

"முடியல சார். வாத்தியார் இன்னிக்கு வந்தது நான் மன்றாடினதால. 'ஒரு ஆளுக்காகவா'ன்னுதான் கேட்டீங்க. இதுக்கு முன்னால இந்த அறைக்கு வந்த காது கேக்காத அம்மா அப்பாவெல்லாம் யார் வாயால பேசினாங்க? அதுல எத்தனை பேர் பேச்ச நாம பாதியிலயே நிறுத்தினோம்? அவங்க குழந்தைகள் இப்ப எங்க இருக்கு?"

தலைமை அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு யாரோ ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பழசெல்லாம் எடுத்துப் பார்க்கணும்" என்றார் கடைசியில். "இனிமே கைமொழிக்காரர் இல்லாம இப்படிக் கூட்டம் இல்ல. நீங்களே பொறுப்பு எடுத்துக்குங்க."

"எடுத்துக்கறேன் சார்."

தங்கள் குட்டி தங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று எழுந்த பட்டன் அக்கா மறுபடி உட்கார்ந்தாள். முகம் தெரியாத எத்தனையோ வீடுகள் அந்த அறைக்குள் வந்து நிற்பது போல அவளுக்கு இருந்தது. அவர்கள் வீட்டு நாத்தனார்களும் பயந்து பயந்து பாதியை விழுங்கியிருப்பார்கள் அல்லவா?

வாசலில் திரைச்சீலை வீட்டம்மா அண்ணி முன்னால் வந்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். பட்டன் அக்கா நாலு வார்த்தை கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அண்ணியின் கை அசைந்தது.

"கடைசியில அவங்க திரும்பிப் பார்த்தப்ப, குழந்தைய விட்டுட்டுப் போகாம தூக்கித் தோள்ல போட்டு ஆத்திட்டு இருந்தீங்களாம்" என்றார் வாத்தியார். "என் முதுகுக்குப் பின்னால என் குழந்தைக்கு ஒரு ஆள் இருந்தாங்களே, அதுக்கு நன்றின்னு சொல்றாங்க."

அந்த அம்மாள் அழுதுவிட்டார். பட்டன் அக்காவின் நாலு வார்த்தையும் வந்த வழியே திரும்பிப் போயின.

படியில் அவள் குடைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நாங்க என்ன செய்யப் போறோம் மேடம்?"

"எனக்கு எதுக்கும்மா? உங்களுக்கு வரவேண்டியதுதான் வந்திருக்கு."

"இருக்கலாம். வரவேண்டியதெல்லாம் எங்களுக்கு எங்க வந்திருக்கு? நீங்க படியில பாதி எறங்கினவங்க திரும்பி ஏறி வந்தீங்க பாருங்க, அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

குடைக்காரம்மா அவள் கையை அழுத்திப் பிடித்தார். "சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியார் கைமொழி சொல்லிக்குடுக்கறார். ரெண்டு பேரும் போங்க" என்று அண்ணனையும் தங்கையையும் காட்டிச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

மழை விட்டிருந்தது. தெருமுனை டீக்கடையில் நாலு பேரும் ஒதுங்கினார்கள். குட்டி சோப்பின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் பழக்கத்தில் தலையைத் தூக்கினார். பட்டன் அக்காவும் பழக்கத்தில், "மூணு டீ, அண்ணிக்குச் சக்கரை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். அண்ணி பக்கம் திரும்பினாள். புருவத்தை உயர்த்தி, கையை விரித்து, உனக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.

அண்ணி கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் காட்டினாள். காப்பி. சர்க்கரை இன்னும், இன்னும் என்று விரலால் அள்ளிக் காட்டினாள். கண்ணாடி ஜாடிக்குள் இருந்த பன்னையும் காட்டினாள்.

"அடிப்பாவி! நீ காப்பிக்காரியா?" என்று கத்தினாள் பட்டன் அக்கா. "இத்தனை வருஷமா சக்கரை இல்லாத டீயா வாங்கி ஊத்தியிருக்கேனே!"

"எனக்கும் காப்பிதான் புடிக்கும்" என்றார் சோப்பு.

"உனக்குத்தான் வாய் இருக்கே, சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட?"

மூன்று காப்பியை நீட்டியபடி டீ மாஸ்டர் சிரித்தார், பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். பட்டன் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன, என்ன என்று அவள் கையைச் சுரண்டினாள்.

ஒன்றுமில்லை என்று கையை வீசிவிட்டுப் போகத்தான் பட்டன் அக்காவின் கை எழுந்தது. பாதியில் நின்றது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணனைக் காட்டினாள், டம்ளரைக் காட்டினாள், தன் வாயைத் தொட்டாள். தெரியாத இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். டீ மாஸ்டர் சிரித்தது, அண்ணன் சொன்னது, தான் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று ஒன்றையும் விடாமல், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், முழுசாகச் சொன்னாள். கடைசியில் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது காப்பி நன்றாக ஆறிப்போயிருந்தது. ஆறியதையே மூவரும் குடித்தார்கள்.